மண் கேட்கும் சத்துக்கே மானியம்

நட்ட சில வாரங்களில் நெற்பயிர் வளர்ச்சி குன்றி, இலைகளில் துரு நிறத் திட்டுகள் படர்ந்து, வயலே காய்ந்தாற்போல் தோன்றச் செய்யும் ‘கைரா’ எனும் கேடு எந்தக் கிருமியாலும் விளைவதன்று, துத்தநாகப் பற்றாக்குறையே அதன் காரணம் என்பதை, இமயத்தின் அடிவாரத்துப் பந்த்நகரில் விஞ்ஞானி ஒய். எல். நேனே 1966ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார். எனினும், பாரத தேசத்து விளைநிலங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், தமிழகத்தில் பாதிக்கு மேலும் இன்றளவும் அச்சத்துக் குறைந்தே கிடக்கின்றன.

மண்ணில் துத்தநாகம் அறவே அற்றுப்போவதைக் காட்டிலும், இருப்பதும் வேருக்கு எட்டாமற் போவதே பெரும்பாலும் நேர்வது. களரும் சுண்ணாம்பும் மிகுந்த நிலத்திலும், இடையறாது நீர் தேங்கும் நெல்வயலிலும் அது கரையாமல் முடங்குகிறது. மணிச்சத்தை அளவிறந்து இட்டாலோ, பயிர் அதை ஏற்பது மேலும் தடைப்படுகிறது. தானியத்தில் துத்தநாகம் குன்றினால், சோற்றையே பிரதானமாக உண்ணும் ஏழைக் குழந்தைகளின் வளர்ச்சியும் நோயெதிர்ப்புச் சக்தியும் குன்றும்.

இவ்வாறிருக்க, நமது உரக் கொள்கை செய்வது என்ன? 45 கிலோ யூரியா மூட்டையை வரி நீங்கலாக 242 ரூபாய்க்கு அளிக்கும் சர்க்கார், 2010இல் வகுத்த சத்து அடிப்படையிலான மானியத் திட்டத்தில், துத்தநாகம் கலந்த உரத்துக்குக் கூடுதலாக நிர்ணயித்ததோ டன்னுக்கு 500 ரூபாய், அதாவது கிலோவுக்கு ஐம்பது காசு! மலிவானதை மிகுதியாக வாங்கும் குடியானவரைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

சிறிதளவே தேவைப்படும் சத்துக்கு மானியம் எதற்கு, மலிவானால் அதையும் அளவின்றிக் கொட்டமாட்டார்களா என்று ஆட்சேபிப்பார் உண்டு. ஒருமுறை இட்டது பல போகங்களுக்குப் பயன் தருவதாலும், மிகையானால் பயிருக்கே தீங்காவதாலும், அந்த ஆட்சேபம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆகவேதான், அனைவருக்கும் பொதுவான மானியத்தை நாம் கோரவில்லை. 2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையில் பரிசோதிக்கப்படும் பன்னிரண்டு அம்சங்களுள் துத்தநாகமும் ஒன்று. ஆயினும், அட்டை கூறும் குறைக்கும் உரக்கடையில் கிட்டும் சலுகைக்கும் தொடர்பில்லை. பரிசோதனை, பரிகாரத்தில் முடியாவிடில் வீண் செலவே.

பற்றாக்குறை பதிவான நிலத்துக்கு, நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட், நடவுக்கு முன்னரே தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த விலைக்குக் கிடைத்தல் வேண்டும். அதன் தரமும் முறையாகச் சோதிக்கப்படல் வேண்டும். அதற்காகும் பொருளை யூரியா மானியத்தின் ஒரு சிறு பகுதியிலிருந்து எடுப்பதற்குச் சர்க்கார் தயங்கலாகாது.