மோதலும் மாறுதலும்

உஷ்ணம் மிகுந்தால் இரசாயன மாறுதல் விரைந்து நிகழும் என்பதை மாணாக்கர் யாவரும் அறிவர். காரணம் யாதெனின், மூலக்கூறுகள் அடிக்கடி மோதுதலே என்று பலர் விடை கூறுவர். இவ்விடை பாதி உண்மையே; பாதி உண்மையைப் பாடமாக ஓதி அமைதல் தகாதென்பது எமது கருத்து.

கணக்கிட்டுக் காண்போம். மூடிய கலத்திலுள்ள வாயு 27 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 37 டிகிரிக்குச் சூடேறுமாயின், அதன் மோதல்கள் நூற்றுக்கு இரண்டேனும் பெருகுவதில்லை. ஆயினும் பல மாறுதல்களின் வேகம் இவ்வளவு உஷ்ணத்தால் ஏறக்குறைய இருமடங்காகின்றது. மோதலின் தொகை ஒன்றே காரணமாயின் இஃது எங்ஙனம் கூடும்? ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கலந்த கலத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் நொடிக்கு நூறு கோடி முறைக்கு மேல் மோதுகின்றது. எனினும் சாதாரண உஷ்ணத்தில், தீப்பொறி படாதவரை, அங்கே நீர் தோன்றக் காணோம்.

இப்புதிருக்கு ஸ்வீடன் தேசத்து அரீனியஸ் 1889இல் வழி காட்டினார். மாறுதற்குத் தகுதி பெற்ற மூலக்கூறுகள் மிகச் சிலவே. உஷ்ணம் சிறிது ஏறினும் அச்சிலவற்றின் தொகை பன்மடங்கு பெருகும் என்பது அவர் கொள்கை. முதல் உலகப் போர்க் காலத்தில், பகை நாடுகளாய் நின்ற ஜெர்மனியில் ட்ராட்ஸ் 1916இலும், இங்கிலாந்தில் லூயிஸ் 1918இலும், ஒருவரையொருவர் அறியாமலே இக்கொள்கையை மோதற் கணக்கோடு இணைத்தனர். குறித்த அளவு சக்தியோடு நிகழும் மோதலே பயன் தரும் என்பது அவர்தம் முடிபு. ஹைட்ரஜன் அயோடைடு சிதையும் வேகத்தை லூயிஸ் கணக்கிட்டபோது, அது சோதனையிற் கண்ட அளவோடு நன்கு ஒத்திருந்தது. எனினும் வேறு பல மாறுதல்கள் கணக்கினும் மெதுவாகவே நிகழ்ந்தன. சக்தியேயன்றி, மூலக்கூறுகள் எதிர்ப்படும் நிலையும் பொருந்துதல் வேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று.

இவற்றுள் தமிழிற் சொல்லலாகாதது யாது? யாழ்ப்பாணத்து மிஷன் மருத்துவர் கிறீனின் முயற்சியால் 1875இலேயே 'கெமிஸ்தம்' என்னும் நூல் தமிழில் வெளிவந்தது. அதன்பின் கலைச்சொற் பட்டியல்கள் பல தோன்றின. ஆனால் சொல் கிடைத்த மாத்திரத்தில் பொருள் விளங்கிவிடுமோ? 'கிளர்வுச் சக்தி' என மனனம் செய்தவன், மேற்கூறிய நூற்றுக்கு இரண்டின் கணக்கை அறியானாயின், அவன் கற்றது பெயரே, காரணமன்று.

ஆதலின், தமிழ் பயிலும் யாமும் இரசாயனம் பயிலும் நண்பரும் கூடி, ஏன் என்று வினவி விடை காணும் உரைநடையை ஆக்குதல் வேண்டும். வினா அவர்க்குரியது, நடை எமக்குரியது எனப் பிரித்து நிற்றல் இரு திறத்தார்க்கும் இழப்பேயாம். ஆண்டுக்கு ஒரு பாடமேனும் இங்ஙனம் எழுதப்பெறின், நம் கல்லூரி தமிழுக்குச் செய்யும் தொண்டு சிறிதாகாது.