நாய் மறுத்தால் யார் கேட்பது?

"அக்கா, நீங்கள் நர்ஸ்தானே, அம்மாவிடம் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று நம் வாலிபரில் இரண்டு பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். வீட்டு நாயைப் பல்கலைக்கழக ஆய்வுக்குக் கூட்டிப்போக அவர்களுக்கு ஆசை. இரண்டு வீட்டிலும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "ஆராய்ச்சி என்றால் ஊசி போட்டு அறுப்பார்கள்."

பெற்றோரே, இது அந்த ஆராய்ச்சி அல்ல. இங்கே பார்ப்பது நாயின் புத்தியை. இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து, ஒன்றின் கீழே தீனி வைப்பார்கள். ஒருவர் விரலால் சுட்டிக் காட்டுவார். நாய் எந்தக் கிண்ணத்திடம் போகிறது என்று எழுதிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் நாய் உங்களோடு வீட்டுக்கு வந்துவிடும்.

இதற்குக் கூண்டில் வளர்ந்த நாய் உதவாது. நம் சோபாவில் ஏறிப் படுக்கிற நாய்தான் வேண்டும். ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரத்து எத்வோஸ் லோராண்ட் பல்கலைக்கழகத்தார் 1994-லேயே இதைத் தொடங்கினார்கள். 2003-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். எடுக்க முடியாதபடி தீனியை அடைத்து வைத்தார்கள். மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்கள் விடாமல் அதனோடு மல்லுக்கட்டின. நாய்களோ சீக்கிரமே திரும்பி, தங்களை வளர்த்தவரின் முகத்தைப் பார்த்தன. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகமும் 2013-இல் இப்படி ஒரு மையம் திறந்தது.

இன்னொன்று, பிள்ளை வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது. நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்துச் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு. தின்னாதே என்று சொல்லிவிட்டு எஜமான் வெளியே போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்வார்கள். சில சமயம் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார்கள். நாம் 'குற்ற உணர்ச்சி' என்று சொல்கிற அந்த முகம், தின்ற நாய்க்கு வரவில்லை. திட்டு வாங்கிய நாய்க்கு வந்தது. தின்னாமலே திட்டு வாங்கியவை இன்னும் அதிகமாக ஒடுங்கின. "முகத்தைப் பார்த்தாலே தெரியுது, நீதான் செஞ்சே" என்று நாம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்!

ஆனாலும் கூட்டிப்போங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். என் தொழில் காரணமாக எனக்குப் பெரிதாகப் படுவது சம்மதம். வார்டில் தினமும் பார்க்கிறேன்: பாட்டி கையை இழுத்துக்கொள்வார், மகன் "பரவாயில்லை, செய்யுங்கள்" என்பார். கையெழுத்து மகனுடையது, கை பாட்டியுடையது. பேச வாயுள்ள பாட்டிக்கே இப்படி என்றால், நாய்க்கு?

எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். மயக்க மருந்து இல்லாமல், கட்டிப்போடாமல், நாய்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கினார். முதல் முடிவுகள் 2012-இல் வெளிவந்தன. பெரியவர்களே அந்தச் சத்தத்துக்கு மிரள்வார்கள். நாய்களுக்குக் காதை மூடிக் கொடுத்தார். எஜமான் கையெழுத்திடும் படிவத்தை, குழந்தைகளுக்குப் பெற்றோர் கையெழுத்திடும் படிவம் போலவே அமைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, நாய் எந்த நேரத்திலும் எழுந்து போகலாம். போனால் அன்றைக்கு அவ்வளவுதான். பேசாத ஜீவனின் 'மாட்டேன்' என்பதையும் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். (பிலேயாமுக்கு இது மூன்று தடவை புரியவில்லை.)

ஆகவே வாலிபரே, கையெழுத்துக்கு முன் ஆய்வுக்கூடத்தாரிடம் கேளுங்கள்: நாங்கள் கூடவே இருக்கலாமா? நாய் மிரண்டால் யார் நிறுத்துவது? என்ன தீனி கொடுப்பீர்கள்? எடுக்கிற வீடியோ எங்கே போகும்? பதில் மழுப்பலாக இருந்தால் வேண்டாம். உங்கள் நாய் சோதனையில் தோற்றால் வெட்கப்படவும் வேண்டாம். தோற்ற நாயின் கணக்கும் ஆய்வுக்குத் தேவை. இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய், வாசலில் அது காலை ஊன்றிக்கொண்டு வாலை இடுக்கினால், பெட்ரோல் காசு போகட்டும், திரும்பி வந்துவிடுங்கள்.