பெயின்ட் அடிச்சா ஏரியா மாறிடுமா? வாட்ஸ் கோபுரங்கள் சொல்லும் பதில்

ஒரு ஏரியாவோட முகத்தை மாத்தணும்னா, இப்போ முதலில் வருவது பெயின்ட் டப்பாதான். பெரிய சுவர், பெரிய ஓவியம், அதன் முன்னால் செல்ஃபி. சரி, அங்கே குடியிருப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில், வாட்ஸ் என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியின் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது.

தனி ஆள், 33 வருஷம்

சைமன் ரோடியா, இத்தாலியில் இருந்து வந்த கட்டடத் தொழிலாளி. ஓவியமோ சிற்பமோ படித்தவர் இல்லை. இப்படி முறையான பயிற்சி இல்லாமல், கலை உலகத்துக்கு வெளியே இருப்பவர்கள் படைப்பதைத்தான் 'அவுட்சைடர் ஆர்ட்' என்கிறார்கள். 1921 முதல் 1954 வரை, வேலை முடிந்த நேரத்தில், தன் வீட்டு மனையிலேயே கோபுரங்கள் எழுப்பினார். இரும்புக் கம்பி, சிமென்ட், உடைந்த பாட்டில், ஓட்டுத் துண்டு, சிப்பி, இவ்வளவுதான் பொருட்கள். வெல்டிங் கிடையாது, சாரம் கிடையாது. உயரமான கோபுரம் கிட்டத்தட்ட 100 அடி! பிறகு இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்.

இடிக்கச் சொன்ன நகரம்

'ஆபத்தான கட்டுமானம், இடிக்க வேண்டும்' என்றது நகர நிர்வாகம். காப்பாற்ற ஒரு குழு களமிறங்கியது. 1959-ல் சுமார் 4,500 கிலோ அளவுக்கு விசை கொடுத்து இழுத்துப் பார்த்தார்கள். கோபுரம் நின்றது, இழுத்த கருவிதான் தோற்றது. 1990-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது.

அதற்கு நடுவே நடந்ததுதான் முக்கியம். 1961-ல் கோபுரங்களை ஒட்டி ஒரு கலை மையம் தொடங்கியது. ஏரியா பிள்ளைகளுக்கு வகுப்புகள் நடந்தன. 1965 ஆகஸ்ட்டில் வாட்ஸ் கலவரத்தில் 34 பேர் உயிரிழந்தார்கள். அப்போது மையத்தை நடத்திவந்த நோவா பியூரிஃபாய், எரிந்த தெருக்களில் இருந்து சுமார் 3 டன் இடிபாடுகளைச் சக கலைஞர்களுடன் சேகரித்தார். அவை 1966-ல் சிற்பங்களாகக் கண்காட்சிக்கு வந்தன.

அப்போ வறுமை போயிடுச்சா?

இல்லை. வேலை, வாடகை, பள்ளிக்கூடம் எல்லாம் அரசின் பொறுப்பு. அந்தச் சுமையைக் கலை மேல் ஏற்றுவது தப்பிக்கும் வழி. ஆனால், பிள்ளைகள் வந்து உட்கார்ந்து செய்து பார்க்க ஓர் அறையும், சொல்லித்தர ஓர் ஆளும் இருந்தால், அது வருஷக்கணக்கில் நிற்கும். வாட்ஸில் அது நின்றது. ஒரே தடவை சுவருக்குக் கொட்டும் பணம் வெயிலில் வெளுத்துவிடும்.

அடுத்த முறை உங்க ஏரியாவுக்கு ஓவியத் திட்டம் வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: பெயின்ட் காய்ந்த பிறகு, இங்கே யார் வகுப்பு எடுப்பாங்க?