அந்நியன் சூட்டிய பெயர்

யுனிக்ஸ் மரபில் வந்த பணிசெயல் முறைமைகளைக் கையாள்வோரிடையே ஒரு கொள்கை நெடுங்காலமாய் வேரூன்றியுள்ளது. சிறு கருவிகள் பல இருக்கவேண்டும். அவை வெளியிடுவது வெறும் எழுத்தாக அமையவேண்டும். அவ்வெழுத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செலுத்தினால் எக்காரியமும் கைகூடும் என்பதே அது. அக்கொள்கையின் சிறப்பை மறுப்பார் இலர். ஆயின், கம்பியில்லா வலையமைப்புகளைத் தேடி இணைவதற்கென ஷெல் ஸ்கிரிப்டுகளை எழுதிக் குவிப்போர் அதனையே தமக்குக் கேடயமாகக் கொள்வது பொருந்தாது.

லினக்ஸில் இவர்களது வழக்கம் பலரும் அறிந்ததே. 'ஐடபிள்யூ' என்னும் கருவி காட்டும் வலையமைப்புப் பட்டியலை 'கிரெப்', 'ஓக்' முதலியவற்றாற் கூறுபோட்டுப் பெயரைப் பிரித்தெடுப்பர். அக்கருவியோ, தன் வெளியீடு நிலையானதன்று, அதனை இவ்வாறு சுரண்டியெடுக்கவேண்டாம் எனத் தன் உதவிக்குறிப்பிலேயே எச்சரிக்கின்றது. (எச்சரிக்கையை வாசித்த பின்னரும் எழுதுவோர் உளர் போலும்!)

எனினும், வெளியீட்டின் வடிவம் மாறுவது சிறு தொல்லையே. பெயர் எங்கிருந்து வருகின்றது என்பதே அடிப்படை வினா. 802.11 நியமத்தின்படி வலையமைப்பின் பெயர் 32 பைற்று வரை நீளலாம். எந்தப் பைற்றும் அதில் இடம்பெறலாம். மேற்கோட்குறி, டொலர்க்குறி, வரிமுறிவு எதற்கும் தடையில்லை. அப்பெயரைச் சூட்டியவர் அயல்வீட்டாராகவோ, பேருந்து நிலையத்தில் மடிக்கணினியுடன் அமர்ந்திருக்கும் யாரோ ஒருவராகவோ இருக்கலாம். அப்பெயரை 'ஈவல்' கட்டளைக்கு ஒப்படைத்தாலோ, ஷெல் வாசிக்கும் கோப்பொன்றில் அவ்வாறே எழுதிவைத்தாலோ, பெயர் கட்டளையாக இயங்கிவிடும். இணைக்கும் பணி பெரும்பாலும் 'ரூற்' அதிகாரத்துடன் நடைபெறுவதால் முழுக் கணினியும் அந்நியன் கைப்படும். 2021 யூன் மாதத்தில், நூற்றுவீதக் குறிகள் செறிந்த பெயருடைய வலையமைப்பில் இணைந்த ஐபோன் தன் வைஃபை வசதியையே இழப்பது வெளிப்பட்டது. அது ஷெல் ஸ்கிரிப்டின் பிழையன்று. ஆயினும் பெயரைப் பெயராக மட்டும் கொள்ளாத அதே பிழை.

நெற்வேர்க் மனேஜர் போன்ற பெருநிரல்கள் உள்ளே செய்வது எவருக்கும் விளங்குவதில்லை, ஸ்கிரிப்டையோ யாரும் வாசித்தறியலாம் என்பது மறுதரப்பார் வாதம். இதில் உண்மை உண்டு. பெருநிரல்கள் நம்பத்தகாதிருந்த காலத்தில் ஸ்கிரிப்டுகளே பலருக்குக் கைகொடுத்தன. ஆனால், தெரிவு இவ்விரண்டுக்குமிடையில் மட்டும் என்று காட்டுவது திரிபு. 2018 ஒக்ரோபரில் வெளிவந்த ஓப்பின் பி.எஸ்.டி. 6.4 பதிப்பில், பழைய 'இஃப்கொன்ஃபிக்' கருவியிலேயே 'ஜொயின்' என்னும் சொல் சேர்க்கப்பட்டது. அறிந்த வலையமைப்புகளை வரிக்கொன்றாக எழுதிவைத்தாற் போதும். கிடைப்பவற்றுள் ஏற்றதைக் கேர்னலே தெரிந்துகொள்ளும். அக்கோப்பைச் சில நொடிகளில் வாசித்து விளங்கிக்கொள்ளலாம். அந்நியர் பெயர் எதுவும் ஷெல்லின் வாய்க்குட் செல்வதில்லை.

லினக்ஸிலும் இதற்கு வழியுண்டு. 2003 முதல் வளர்ந்துவந்த 'டபிள்யூ.பி.ஏ. சப்ளிகன்ற்' பல வலையமைப்புகளை முன்னுரிமையோடு ஏற்று, தொடர்பு அறுந்தால் தானே மீள இணைகின்றது. பெயரைப் பதினறும எண்களாக எழுதவும் அதன் அமைப்புக் கோப்பு இடந்தருகின்றது. அதன்மேல், பத்து நொடிக்கொருமுறை வருடிப்பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஏற்றிவைத்து, கடவுச்சொல்லையும் கட்டளை வரியிலேயே இட்டு, 'பிஎஸ்' கட்டளையை இயக்கும் ஏனைய பயனர் கண்ணிற் படவிடுவதை எளிமை என்று எவ்வாறு அழைப்பது?