வாசல் கோலமும் கணிப்பொறியும்

மாணவர்களே! கண்காட்சிப் படங்களுக்குப் பின்னணிக் கோலத்தைக் கணிப்பொறியிலிருந்து ஆயத்தமாக எடுத்து ஒட்டுகிறீர்கள். நீங்களே அமைத்தால் என்ன? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாசல்தோறும் புள்ளிக்கோலம் இருக்கிறதே! அத்தகைய கோலங்களைத் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனுடன் ஆராய்ந்து, 1974-இல் கணித இலக்கண விதிகளாக எழுதி வெளியிட்டனர்.

கோலத்தின் ஒரு சதுரத்தை மட்டும் கணிப்பொறியில் வரையுங்கள். இடது ஓரத்தைத் தொடும் கோடு வலது ஓரத்திலும் அதே உயரத்தில் தொடவேண்டும். மேலும் கீழும் அவ்வாறே. அப்போது எத்தனை சதுரங்களை அடுக்கினாலும் ஒட்டு தெரியாது. நிறம் மங்கலாக இருக்கட்டும்; எழுத்தே முந்தித் தெரியவேண்டும்.

விதி புரியாவிட்டால் கோலமிடும் பாட்டியைக் கேளுங்கள். அவருக்குக் கணிதம் தெரியாதென்று யார் சொன்னது?