துப்பாக்கி டிரஸ்ட்டும் சில டுபாக்கூர் யோசனைகளும்

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நண்பர் வீட்டுல ஒரு பாட்லக். டெக்சாஸ் வெயில் தெரியும்தானே, புளியோதரையையும் தயிர்சாதத்தையும் ஒரு கை பார்த்துட்டு நாலஞ்சு பேர் கராஜ்ல ஃபேனுக்கு முன்னாடி ஒதுங்கினோம். எச்-1பி விசாவில் இருக்கிற தம்பி ஒருத்தர் மெதுவா பக்கத்துல வந்தார்.

"அண்ணே, நீங்க டிரஸ்ட் பேர்ல சைலன்சர் வாங்கி வச்சிருக்கீங்களாமே. என் பேரையும் அதுல சும்மா சேர்த்து விடுங்களேன். டிரஸ்ட்டுன்னா செக்கிங்கே கிடையாதாம்ல?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இன்னொருத்தர் (இவருக்குத் துப்பாக்கின்னாலே ஆகாது, தப்பில்லை) முந்திக்கிட்டார். "அதுக்குத்தானேய்யா டிரஸ்ட்டே வச்சிருக்கான். சட்டத்துல கேப்பு விட்டுட்டு அதுல கெடா வெட்டுறானுங்க."

ஒருத்தர் அதே கேப்புல நுழையப் பார்க்கிறார், இன்னொருத்தர் அதைத் திட்டுறார். ரெண்டு பேருமே நம்பறது ஒரே கதையைத்தான். அந்தக் கதை 2016-லயே செத்துப் போச்சுங்கறதுதான் விஷயம். கராஜ்ல சொல்ல விடலை, அதனால இங்க கொட்டறேன்.

அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிற மக்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. மதுவிலக்குக் காலத்துல சிகாகோ மாதிரி ஊர்கள்ல தாதாக்கள் மெஷின் கன்னை வச்சுக்கிட்டு ஆடின ஆட்டத்துக்கு அப்புறம் 1934-ல தேசிய துப்பாக்கிச் சட்டம் வந்துச்சு. மெஷின் கன், சைலன்சர், 16 அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைவான ஷாட்கன், இதையெல்லாம் மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணணும், கைமாறும்போது 200 டாலர் வரி கட்டணும். 1934-ல 200 டாலர்னா இன்னைக்கு 4,000 டாலருக்கு மேல. வரின்னு பேரு, உண்மையில 'வாங்காதே'ன்னு அர்த்தம். (சினிமாவில வர்ற மாதிரி 'புஸ்'னு சத்தம் வரும்னு நினைச்சுக்காதீங்க. சைலன்சர் 20-லேர்ந்து 35 டெசிபல் வரைக்கும் குறைக்கும், அவ்வளவுதான். சாதாரண ரைஃபிள் 140 டெசிபலைச் சர்வசாதாரணமா தாண்டும். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய் வலது காதுல 'ங்ங்ஙொய்'னு நிரந்தரமா ஒரு சத்தத்தோட திரும்பி வந்தவன் நான். அதான் வாங்கினேன்.)

இந்தப் பொருட்கள்ல ஒரு கொக்கி இருக்கு. உங்க பேர்ல பதிவானா அது உங்க கையில மட்டும்தான் இருக்கலாம். நீங்க ஊர்ல இல்லாதப்போ சேஃபோட நம்பர் உங்க மனைவிக்குத் தெரியும்னா அதுவே அவங்க 'கைவசம்' வச்சிருந்த மாதிரின்னு வாதாட சட்டத்துல இடம் இருக்கு. தண்டனை 10 வருஷம் வரைக்கும். டிரஸ்ட் பேர்ல பதிவு பண்ணினா, அதுல டிரஸ்டியா இருக்கிற ஒவ்வொருத்தரும் சட்டப்படி வச்சுக்கலாம், எடுத்துட்டுப் போகலாம். டிரஸ்ட்டோட நிஜமான பயன் இதுதான். ரொம்ப சாதாரணமான, குடும்பஸ்தன் விஷயம்.

ஆனா டிரஸ்ட் பிரபலமானது இதுக்காக இல்லைங்கறதையும் ஒத்துக்கறேன். 2016-க்கு முன்னாடி தனி ஆளா விண்ணப்பிச்சா கைரேகை, போட்டோ, அதோட உள்ளூர் ஷெரிஃப் அல்லது போலீஸ் தலைமை அதிகாரியோட கையெழுத்து வேணும். பல ஷெரிஃபுங்க காரணமே சொல்லாம கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. டிரஸ்ட்டுக்கு இந்த மூணுமே தேவைப்படலை. அப்புறம் கேக்கணுமா, ஊர்பட்ட டிரஸ்ட் முளைச்சுது. அன்னைக்கு நம்ம ரெண்டாவது நண்பர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

2016 ஜூலை 13-ல ஏ.டி.எஃப். கொண்டு வந்த 41எஃப் விதி அமலுக்கு வந்துச்சு. டிரஸ்ட்ல பொறுப்புள்ள ஒவ்வொரு ஆளும், ஒவ்வொரு புது விண்ணப்பத்துக்கும் கைரேகை, போட்டோ, கேள்வித்தாள் கொடுத்தாகணும். ஷெரிஃப் கையெழுத்து எல்லாருக்குமே போயிருச்சு, அவருக்கு ஒரு நகல் அனுப்பினா போதும். ஆக, டிரஸ்ட்ல நாலு பேர் இருந்தா ஒரு சைலன்சருக்கு நாலு பேரையும் அலசுவாங்க. தனி ஆளா வாங்கினா ஒரு ஆளைத்தான். இதுல எங்க ஐயா கெடா வெட்டுறது?

(நியாயமா திட்டணும்னா ஒரு இடம் இருக்கு, நானே எடுத்துக் கொடுக்கறேன். பொருள் கைக்கு வந்த பிறகு புதுசா ஒரு டிரஸ்டியைச் சேர்த்தா அதை ஏ.டி.எஃப்.க்குச் சொல்லணும்னு கட்டாயமில்லை. அடுத்த விண்ணப்பம் போடறப்போதான் அவர் கைரேகை போகும். இதைக் கேட்டிருந்தா நான் பதில் சொல்ல முடியாம முழிச்சிருப்பேன். கேக்கலை.)

இப்ப நம்ம எச்-1பி தம்பி. மேல அடைப்புக்குறிக்குள்ள சொன்னதைப் படிச்சிட்டு 'அப்ப பேரைச் சேர்த்துடலாமே'ன்னு துள்ளாதீங்க. குடியேற்றம் அல்லாத விசாவில் இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாதுங்கறது மத்திய சட்டம். ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துச் சுடறதுகூட 'வச்சிருக்கிறது'தான். தண்டனை 2022-லேர்ந்து 15 வருஷம் வரைக்கும். தெரிஞ்சே கொடுத்தவனுக்கும் அதே கதிதான், அதாவது எனக்கு. போதாக்குறைக்கு துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தறதுக்கும் காரணமாகும். பத்து வருஷமா கிரீன் கார்டு வரிசையில நிக்கிறவன் ஒரு சைலன்சருக்காக வரிசையை விட்டே போகணுமா? சட்டத்துல விலக்கே இல்லாம இல்லை. செல்லுபடியாகிற வேட்டை லைசன்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு உண்டு. அதுக்கு வக்கீலைப் பாருங்க, கராஜ்ல நிக்கிற அண்ணனை இல்லை. டிரஸ்ட் பத்திரத்துல பேர் எழுதினா சட்டம் கண்ணை மூடிக்கும்னு உங்களுக்குச் சொன்ன ஆளு, ஜெயிலுக்கு உங்களோட சேர்ந்து வரமாட்டார்.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேப்பீங்க. எங்க தெருவில ஒரு பெரியவர் இருந்தார். ரிட்டயர் ஆனவர், நல்ல மனுஷன், எனக்கு முதல்ல குறி பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். மூணு சைலன்சர், ஒரு குட்டைக்குழல் ரைஃபிள். 'வக்கீலுக்கு எதுக்குத் தண்டம்'னு இணையத்துல எங்கயோ ஒரு டிரஸ்ட் படிவத்தை இறக்கி, ஊரு பேரு நிரப்பி, நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கி வச்சிருந்தார். டிரஸ்ட்டை உருவாக்கினவரும் அவர், ஒரே டிரஸ்டியும் அவர். பயனாளி மட்டும் பேரன். நல்லவேளை, அந்த இடத்துலயும் தன் பேரையே எழுதலை. மூணு இடத்துலயும் ஒரே ஆள்னா அது டிரஸ்ட்டே இல்லைன்னு கோர்ட் சொல்லிடும். அப்ப அதன் பேர்ல இருக்கிற பதிவும் அந்தரத்துல தொங்கும்.

போன வருஷம் திடீர்னு மாரடைப்புல போயிட்டார். அந்தம்மா ஒரு மாசம் கழிச்சு அந்தப் பத்திரத்தை எடுத்துட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. எனக்குப் பிறகு பொறுப்பேற்கும் டிரஸ்டி அப்படின்னு ஒரு வரி. அதுக்கு எதிர்ல ஒரு கோடு. கோட்டு மேல ஒண்ணுமே எழுதலை.

அவங்க பேர் பத்திரத்துல எங்கயுமே கிடையாது. நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணின வீட்டுல, படுக்கையறை அலமாரிக்குள்ள இருக்கிற சேஃபைத் திறக்கலாமா கூடாதான்னு அவங்களுக்குத் தெரியலை. எனக்கும் தெரியலை. பேரனுக்குக் கொடுத்துடலாமான்னு கேட்டாங்க. சோபா, கடிகாரம்னா கொடுக்கலாம். இதைக் கொடுக்க முதல்ல ஃபார்ம் போட்டு அனுமதி வாங்கணும், அனுமதி வர்றதுக்கு முன்னாடி கைமாறினா குத்தம். ஃபார்ம்ல டிரஸ்ட் சார்பா கையெழுத்துப் போட ஒரு டிரஸ்டி வேணும். டிரஸ்டியே இல்லை. அந்த இறக்குமதிப் படிவத்துல 'சொத்துக்களைப் பயனாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்'னு பொத்தாம்பொதுவா ஒரு வரிதான் இருந்துச்சு. நிலம், வீட்டுக்கு எழுதினதை அப்படியே துப்பாக்கிக்கு ஒட்டியிருக்காங்க. கடைசியில ஒரு வக்கீல், சேஃபைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டு, புது டிரஸ்டியை நியமிக்கக் கோர்ட்டுக்குப் போனார். மாசக்கணக்கா இழுத்துது. வக்கீலுக்குக் கொடுத்த பணத்துல அந்த மூணு சைலன்சரையும் புதுசா வாங்கி மிச்சம் வந்திருக்கும். அதுவரைக்கும் அந்தம்மா பக்கத்து ரூம்ல படுத்தாங்க.

இத்தனைக்கும் மிஞ்சிப் போனா ரெண்டு நிமிஷ வேலை. அந்தக் கோட்டு மேல ஒரு பேர்.

இப்ப இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கு. 2025 ஜூலை 4-ல கையெழுத்தான சட்டத்தால 2026 ஜனவரி 1-லேர்ந்து சைலன்சர், குட்டைக்குழல் ரைஃபிள், ஷாட்கனுக்கெல்லாம் அந்த 200 டாலர் வரி பூஜ்யமாயிருச்சு. மெஷின் கன்னுக்கு அப்படியே இருக்கு. வரிதான் போச்சு மக்களே, பதிவு போகலை, கைரேகை போகலை, 10 வருஷம் போகலை. ஆனா 'ஃப்ரீ'ன்னு கேட்டதும் கூட்டம் கூடுது, கூடவே 'அஞ்சு நிமிஷத்துல டிரஸ்ட்' விக்கிறவங்களும். அவங்க விளம்பரத்துல டிரஸ்டிக்கு என்னென்ன உரிமைன்னு இருக்கும். டிரஸ்டிக்கு வேலை என்னன்னு ஒரு வரி இருக்காது. யாராவது ஒரு டிரஸ்டிக்கு குடும்ப வன்முறை கேஸ்ல தண்டனை ஆனா, சின்ன கேஸா இருந்தாலும், அவரை உடனே நீக்கி சேஃப் நம்பரை மாத்தணும். என்னென்ன பொருள் டிரஸ்ட்ல இருக்குங்கிற பட்டியலை ஒவ்வொரு தடவையும் திருத்தணும். குட்டைக்குழல் ரைஃபிளை வேற மாநிலத்துக்கு எடுத்துட்டுப் போகணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும் (சைலன்சருக்கு வேண்டாம், ஆனா போற மாநிலத்துல அது சட்டப்படி செல்லுமான்னு பார்க்கணும்). இதையெல்லாம் செய்யச் சோம்பலா? அப்ப தனி ஆளா வாங்கிட்டுப் போங்க. ஒரு குத்தமும் இல்லை. இறந்த பிறகு வாரிசுக்கு வரியில்லாம மாத்த ஃபார்ம் 5-னு ஒண்ணு இருக்கு, உயில் ஒழுங்கா எழுதினா போதும். அரைகுறை டிரஸ்ட்டுக்கு அது எவ்வளவோ மேல்.

ரொம்ப யோக்கியன் மாதிரி பேசறியே, உன் டிரஸ்ட் எப்படின்னு கேக்கறீங்களா? பாட்லக் முடிஞ்சு வந்த ராத்திரி எடுத்துப் பார்த்தேன். எனக்குப் பிறகு டிரஸ்டின்னு, போன வருஷமே ஊரைக் காலி பண்ணிட்டு சென்னைக்குப் போயிட்ட நண்பன் பேர் இருந்துச்சு. தங்கமணி பேர் எங்கயும் இல்லை. சனிக்கிழமை திருத்தப் பத்திரம் தயார் பண்ணி ரெண்டு பேருமா நோட்டரிகிட்ட போனோம். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பேனாவை மூடிட்டுக் கேட்டாங்க:

"இதுக்கு நான் கைரேகை எல்லாம் கொடுக்கணுமா?"

"இப்ப வேண்டாம்மா. அடுத்தது வாங்கும்போது கொடுத்தா போதும்."

"அடுத்ததா??"