சும்மா கொடுங்க... இல்லைன்னா முழு விலைக்குக் கொடுங்க! - பொழுதுபோக்கு ஓவியர்களின் விலைக் கணக்கு

"ஒரு படம்தானே மக்ளே... ஏதோ பார்த்துப் போட்டுச் சொல்லு!"

இரணியல் பக்கம் பென்சிலும் பிரஷ்ஷும் கையில் எடுத்தவர்கள் இந்த வார்த்தையைக் கேட்காமல் தப்பிக்கவே முடியாது. கேட்பவர் சித்தியாக இருப்பார், பக்கத்து வீட்டு அண்ணனாக இருப்பார், கூடப் படித்தவராக இருப்பார். வேண்டியவர் கேட்கிறார் என்பதால்தான் வாயில் வரவேண்டிய தொகை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

பகலில் வேறு வேலை, ராத்திரி சாப்பாடு முடிந்தபிறகு வரைதல். நம் ஊர்களில் இப்படி நிறைய பேர் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டால் போதும், கல்யாணப் பரிசு, வீடு பால்காய்ப்பு, இறந்துபோன தாத்தாவின் படம் என்று ஆர்டர் வந்துவிடும். வரைவது எல்லோருக்கும் வருகிறது. "எவ்வளவு?" என்ற கேள்விக்குப் பதில்தான் வரமாட்டேங்குது.

விலை எங்கிருந்து வருது?

பெரும்பாலும் மூன்று வழிகளில்தான் விலையை முடிவு செய்கிறோம். இன்ஸ்டாகிராமில் இன்னொருவர் என்ன வாங்குகிறார் என்று பார்த்து, அதில் நூறு ரூபாய் குறைப்பது முதல் வழி. கேட்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது இரண்டாவது. "பேப்பர், ஃப்ரேம் காசு வந்தாப் போதும்" என்று விட்டுவிடுவது மூன்றாவது. இந்த மூன்றிலும் நம் உழைப்பு நேரம் கணக்கிலேயே வருவதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏ3 அளவில் ஒரு பென்சில் போர்ட்ரெய்ட் வரைய 12 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷீட், பென்சில், ஃப்ரேம் எல்லாம் சேர்த்து 450 ரூபாய். நீங்கள் சொல்லும் விலை 500. மிச்சம் 50 ரூபாய். மணிக்கு நாலு ரூபாய் சொச்சம்!

இதை நூறு நாள் வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2025-26 நிதியாண்டுக்கு அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி, நாளொன்றுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42. அந்தக் கணக்கில் 12 மணி நேரத்துக்கு 504, பொருள்களுக்கு 450, ஆக 954 ரூபாய். இது திறமைக்கான விலையே இல்லை, வெறும் உடல் உழைப்புக்கான அடித்தளம். இதற்குக் கீழே போனால், வாங்குபவருக்கு நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

இரணியலுக்கு இந்தக் கணக்கு புதிதும் இல்லை. கைத்தறி ஓடிய ஊர் இது. நூல் விலை தனி, நெசவுக் கூலி தனி என்பது தறியில் உட்கார்ந்த யாருக்கும் தெரியும். நூல் காசு மட்டும் தந்தால் போதும் என்று எந்த நெசவாளியும் சொன்னதில்லை.

நேரம் மட்டும் போதுமா?

போதாது. 1878-ல் லண்டன் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. தன் படத்தை மோசமாக விமர்சித்த ஜான் ரஸ்கின் மீது ஓவியர் விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டிருந்தார். ரெண்டு நாள் வேலைக்கா 200 கினி கேட்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்காகக் கேட்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னார் விஸ்லர். வழக்கில் ஜெயித்தார். நஷ்டஈடாகக் கிடைத்தது ஒரே ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவும் சேர்ந்து, அடுத்த வருஷமே திவாலானார்.

நியாயம் நம் பக்கம் இருந்தாலும், எதிரில் இருப்பவர் அதை மதித்துக் காசு எடுத்துத் தருவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் விலையை வேலைக்கு முன்னாடியே பேசிவிட வேண்டும்.

"எனக்குத்தான் சம்பளம் வருதே?"

நல்ல கேள்வி. பொழுதுபோக்குக்காக வரைபவருக்கு இந்தக் காசை நம்பி அடுப்பு எரியவேண்டியதில்லை. ஆனால், அதே தெருவில் வரைந்தே பிழைப்பவர் ஒருவர் இருக்கலாம். சுவர் விளம்பரமும் பேனரும் எழுதிய ஓவியர்களின் வேலையை ஃப்ளெக்ஸ் ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டது. அவர் 1,500 சொல்லும் படத்தை நீங்கள் 500-க்குக் கொடுத்தால், அடுத்த ஆள் அவரிடம் போய், "அங்க ஐந்நூறுதானே!" என்பார். நம் கூச்சத்துக்கு அவர் வீட்டில் பில் போகிறது.

விலையைக் குறைத்தால் நிறைய ஆர்டர் வரும் என்ற நம்பிக்கையும் இனி செல்லாது. 2025 மார்ச்சில் ஜிப்லி பாணிப் படங்கள் வைரலானபோது பார்த்தோமே... போட்டோவைக் கொடுத்தால் ஏஐ சில நிமிடங்களில் காசில்லாமல் படம் தந்தது. இலவசத்தோடு விலையில் மோதி யாரும் ஜெயிக்க முடியாது. உங்களிடம் வருபவர், ஒரு மனுஷர் உட்கார்ந்து தன் தாத்தாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்ததற்காக வருகிறார். அதற்கு உரிய விலையைத்தான் சொல்ல வேண்டும்.

அப்போ சொந்தக்காரர்களுக்கு? சும்மாவே கொடுங்கள். முழு மனதோடு கொடுத்தால் அது பரிசு, வாங்கியவர் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். பாதி விலை வாங்கினால், "காசு கொடுத்தோம்ல" என்ற எண்ணம் அவருக்கு, "ஏமாந்துட்டோம்" என்ற வருத்தம் உங்களுக்கு. அந்த வருத்தம் நாலு தடவை வந்தால் பென்சிலைத் தொடவே பிடிக்காது. பணத்தைவிடப் பெரிய நஷ்டம் அதுதான்.

வாங்க வசதி இல்லாதவங்களுக்கு?

இதற்கு வழி காட்டியவர் நம் பழைய திருவிதாங்கூர்க்காரரே. 1949 வரை இரணியலும் அந்தச் சமஸ்தானத்து மண்தானே! ராஜா ரவி வர்மா அரண்மனைகளுக்கு வரைந்த தைல ஓவியங்களைச் சாதாரண மக்கள் வாங்கியிருக்க முடியாது. 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, படங்களை அச்சுப் பிரதிகளாக்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தார்கள். மூலப் படத்தின் விலையைக் குறைக்காமல், குறைந்த விலையில் வேறொரு பொருளைக் கொடுத்தார் அவர். நீங்களும் பிரின்ட், வாழ்த்து அட்டை, சின்ன அளவு என்று கொடுக்கலாம்.

1966-ல் கே.சி.எஸ்.பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்திலும் இதே புத்திதான். பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களை விற்றுச் செலவைப் பார்த்துக்கொண்டு, ஓவியத்தைச் சுதந்திரமாக வரைந்தார்கள்.

மறக்கக் கூடாதவை

* பாதித் தொகையை முன்பணமாக வாங்கிய பிறகே வரையத் தொடங்குங்கள்.
* எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
* இப்போதுதான் பழகுகிறீர்களா? மணிக்கூலியைக் குறைக்காதீர்கள், படத்தின் அளவைக் குறையுங்கள்.
* ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் காப்புரிமையாளர் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. அதைப் பிரின்ட் போட்டு விற்கும் எண்ணம் இருந்தால் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.
* கையால் வரைந்த ஓவியங்களுக்கான ஜி.எஸ்.டி, 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. உள்ளூரில் எப்போதாவது ஒன்றிரண்டு படம் விற்பவர்களுக்குப் பதிவுக் கவலை தேவையில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஆயிரம் ரூபாய்க்கு யாரும் வாங்கவில்லை என்றால்? பரவாயில்லை. சம்பளம் வரும் வேலை இருப்பதன் பெரிய வசதியே, பிடித்ததைப் பிடித்தபடி வரையலாம் என்பதுதான்.

ஒருநாள் திங்கள்சந்தைக்குப் போய், மீன் விற்கும் அக்காவைக் கவனியுங்கள். விலை சொல்லும்போது அவர் தலை குனிவதில்லை. பேரம் பேசினால் பத்து இருபது குறைப்பார், ஓர் இடத்தில் நிறுத்திவிடுவார். குளச்சலில் விடியற்காலையில் என்ன விலைக்கு எடுத்தோம் என்பது அவருக்குத் தெரியும். நம் படத்துக்கு நாம் எத்தனை ராத்திரி கொடுத்தோம் என்பது நமக்கும் தெரியுமே!